ஒரு வினைச்சொல்லுக்கு நான்கு சனிக்கிழமை: கோவையில் ஓர் இலத்தீன் வகுப்பு

கோவை ஆர்.எஸ்.புரத்தில், தடாகம் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், மருந்துக்கடை ஒன்றின் மேலே இரண்டாம் மாடியில் சனிக்கிழமைதோறும் பிற்பகலில் நடக்கும் இலத்தீன் வகுப்பில் ஒரு மாதம் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். மாதக் கட்டணம் 1,500 ரூபாய். மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிகிறது. நடுவில் ஒரு முறை தேநீர் உண்டு. அந்த ஒரு மாதத்தில் நாங்கள் படித்தது ஒரே ஒரு வினைச்சொல். ஒரு சொல் 1,500 ரூபாயா என்று என் மனைவி கேட்டார். முதல் வாரம் முடிந்து அன்னூர்ப் பேருந்தில் திரும்பும்போது, பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடலாமா என்று நானும் நினைத்தேன். கேட்காமல் விட்டது நல்லதாயிற்று. ஆனாலும் குறைகள் இல்லாமல் இல்லை.

நான் வேளாண்மைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நிலக்கடலையில் வரும் முன்பருவ இலைப்புள்ளி நோய்க்கு, டிக்கா நோய் என்று நாங்கள் சொல்வதற்கு, காரணமான பூசணத்தின் பெயர் செர்கோஸ்போரா அராக்கிடிகோலா. வேர் அழுகலுக்குக் காரணமான இன்னொன்றின் பெயர் ரைசோக்டோனியா படாட்டிகோலா. இந்தப் பெயர்களை எத்தனை அறிக்கைகளில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் அவற்றின் வாலாக நிற்கும் 'கோலா' என்ன என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. குளிர்பானம் போல இருக்கிறதே என்று இளைய அலுவலர் ஒருவர் கேலி செய்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். ஓய்வுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தவே, தாவரப் பெயர்களின் பொருள் தெரிந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில்தான் வகுப்பில் சேர்ந்தேன். அந்த மாதத்து வினையும் அதுவாகவே அமைந்தது என் நல்வாய்ப்பு.

ஆசிரியர் எழுபதைக் கடந்தவர். இளமையில் குருமடத்தில் இலத்தீன் பயின்றவர். பாடநூல் வைத்துக்கொண்டு வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்ய வைப்பது அவர் வழியன்று. ஒரு வினையை எடுத்துக்கொண்டு, அதன் வடிவங்கள், வேர், பொருள்கள், அதிலிருந்து கிளைத்த பெயர்கள், பழைய ஆசிரியர்கள் அதை ஆண்ட இடங்கள் என்று நான்கு வாரம் அதையே சுற்றி வருகிறார். இம்முறை எடுத்தது கொலோ: கொலோ, கொலெரெ, கொலுயீ, குல்தும் என்பவை அதன் நான்கு முதன்மை வடிவங்கள். முதலாவது 'நான் செய்கிறேன்', இரண்டாவது 'செய்தல்', மூன்றாவது 'நான் செய்தேன்', நான்காவதிலிருந்து எச்சங்களும் பெயர்களும் பிறக்கும். இந்த நான்கும் தெரிந்துவிட்டால் மீதமுள்ள வடிவங்களை நாமே கட்டிக்கொள்ளலாம். (இலத்தீன் பெயர்களின் ஈற்றில் வரும் அகரத்தை நான் நீட்டியே எழுதுகிறேன். தமிழ் நாக்குக்கு அதுதான் பழக்கம், ஆசிரியருக்குப் பிடிக்காது.)

குறில் நெடில் பற்றி அவர் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார். குறில் ஒகரத்தோடு 'கொலோ, கொலெரெ' என்றால் ஒரு வினை. நெடில் ஓகாரத்தோடு 'கோலோ, கோலாரெ' என்றால் வேறொரு வினை. அதற்கு வடிகட்டுதல் என்று பொருள், பெர்கொலேட்டர் என்ற கருவிப்பெயர் அங்கிருந்து வந்தது. ரோமானியர் பெரும்பாலும் நெடிலைக் குறியிட்டுக் காட்டாமலே எழுதியதால், ஏட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் நிற்கும். இதைக் கேட்டு வகுப்பில் யாரும் மலைக்கவில்லை. நம் ஓலைச்சுவடிகளிலும் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடாமல் விட்டு, கொல்லும் கோலும் ஒரே உருவில் கிடந்த காலம் உண்டு. நெடிலுக்குத் தனி உருவம் கொடுத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்த வீரமாமுனிவர், பேச்சுத் தமிழான கொடுந்தமிழுக்கு 1728இல் எழுதிய இலக்கணத்தை இலத்தீன் மொழியில்தான் எழுதினார்.

பொருள்களுக்கு இரண்டாம் வாரம் வந்தோம். மேசைமேல் லூயிஸும் ஷார்ட்டும் 1879இல் வெளியிட்ட பெரிய அகராதி இருந்தது. இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூலில் 'கொலோ'வுக்கு உரிய பகுதியை உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் என்னால் படிக்க முடியவில்லை. உழுது பயிரிடு, ஓரிடத்தில் குடியிரு, பேணு, காத்தருள், மதித்து நட, வழிபடு, ஒரு கலையையோ நற்குணத்தையோ பயின்று வளர் என்று பொருள்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. ஒரே வினை இத்தனையையும் எப்படித் தாங்குகிறது என்பதுதான் வகுப்பின் கேள்வி. ஈரோட்டிலிருந்து வரும் இளம் வழக்கறிஞர் ஒருவர், "ஏனுங்க ஐயா, வெள்ளாமை பண்றதுக்கும் சாமி கும்பிடறதுக்கும் ஒரே சொல்லுங்களா?" என்று எல்லோருக்குமாகச் சேர்த்துக் கேட்டார்.

ஆசிரியர் நேரடியாக விடை சொல்லாமல், பலகையில் இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்து எழுதினார். இரண்டும் ரோமானியப் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோவுடையவை. கி.மு. 50இல், சிலிசியா மாகாணத்தின் ஆளுநராக ரோமைப் பிரிந்து வாடிக்கொண்டிருந்தபோது, இளைய நண்பர் கேலியுஸ் ரூஃபுஸுக்கு அவர் எழுதிய கடிதத்தில் வருவது ஒன்று: "உர்பெம், உர்பெம், மீ ரூஃபெ, கொலெ." நகரத்தை, நகரத்தை, என் ரூஃபே, விட்டு நீங்காதே, அங்கேயே குடியிரு என்பது கருத்து. மற்றது, கனவில் தோன்றும் தந்தை மகன் சிப்பியோவுக்குச் சொல்வதாக அவர் எழுதியது: "யூஸ்தீத்தியம் கொலெ எத் பியெதாத்தெம்." நீதியையும் கடப்பாட்டுணர்வையும் போற்றி நட என்பது கருத்து. இரண்டிலும் ஏவல் வடிவம் 'கொலெ' ஒன்றே. மாறியது செயப்படுபொருள் மட்டும். நிலம் வந்தால் உழவு, ஊர் வந்தால் குடியிருப்பு, தெய்வம் வந்தால் வழிபாடு, நண்பர் வந்தால் மதிப்பு, நீதி வந்தால் ஒழுக்கம். அகராதி ஏழெட்டாகப் பிரித்துக் காட்டுவது இந்தச் செயப்படுபொருள்களின் வரிசையைத்தான். வினை செய்யும் வேலை எல்லா இடத்திலும் ஒன்றே: ஒன்றை விட்டுப் போகாமல், அதனிடமே திரும்பத் திரும்ப வந்து, அதற்கு வேண்டியதைச் செய்வது.

'திரும்பத் திரும்ப' என்று நான் எழுதுவது வெறும் அழகுக்காக அன்று. இந்த வினையின் பழைய வேருக்குச் சுழலுதல், சுற்றிவருதல் என்றே பொருள். இலத்தீனுக்கும் வடமொழிக்கும் மூதாதையான தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியில் 'க்வெல்' என்ற ஒலியோடு இருந்ததாக அறிஞர் மீட்டுக் காட்டும் அந்த வேரில், ககரத்தை ஒட்டியிருந்த வகரம் 'கொலோ'வில் ஒகரத்துக்கு முன் மறைந்துவிட்டது. வாடகைக் குடியைக் குறிக்கும் 'இன்குயிலீனுஸ்' என்ற பெயரில் மட்டும் தங்கிப்போயிற்று. அதே வேர் வடமொழியில் 'சர்' என்னும் வினையாயிற்று. சக்கரம் என்ற சொல்லும் அந்த வேரினது. ஆசாரம் என்ற சொல் அந்தச் 'சர்' வினையிலிருந்து வந்தது. ஆக, கல்ச்சர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நாம் 'கலாச்சாரம்' என்று சொல்லும்போது, அதன் பின்பாதியில் அதே வேர்தான் வேறு வழியாக வந்து நிற்கிறது. அன்று நான் கொடுத்த கட்டணத்தில் பாதி இந்த ஒரு செய்திக்கே சரியாகிவிட்டது என்று கருதுகிறேன்.

இன்குயிலீனுஸ் பற்றி இன்னொன்று. சிசரோ ரோமில் பிறந்தவர் அல்லர்; அர்ப்பினும் என்ற சிற்றூர்க்காரர். அவரை வீழ்த்தச் சூழ்ச்சி செய்த கத்திலினா, ஆட்சிமன்றத்தில் அவரை 'ரோம் நகரத்தின் வாடகைக் குடி' என்று இகழ்ந்ததாக வரலாற்றாசிரியர் சல்லுஸ்தியுஸ் எழுதியிருக்கிறார். அப்படி இகழப்பட்ட சிசரோதான் பின்னாளில் 'நகரத்தில் குடியிரு' என்று நண்பருக்கு எழுதுகிறார்; வசைச்சொல்லும் அறிவுரையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. இந்த இடத்தை ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் கடந்துவிட்டார். இன்னும் சற்று நின்றிருக்கலாம்.

தமிழோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பகுதிதான் இந்த வகுப்பின் சிறப்பு. இலத்தீன் ஒரே வினையில் ஏற்றிவைத்த சுமையைத் தமிழ் மூன்று சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. காத்தல், விரும்புதல், மதித்தல், வழிபடுதல் நான்கும் 'பேணுதல்' என்ற சொல்லில் அடங்கும். குடியிருப்பவரையும் உழுபவரையும் ஒருசேரக் குறிக்கக் 'குடி' இருக்கிறது; கொங்கு நாட்டில் உழவரைக் குடியானவர் என்று சொல்லும் வழக்கம் இன்றும் மறையவில்லை. உழவும் பிறர்க்கு உதவுதலும் 'வேளாண்மை'யில் சேர்ந்திருக்கின்றன. விருந்தோம்பி வேளாண்மை செய்வதற்காகவே இல்வாழ்க்கை என்று 81ஆம் குறள் சொல்லும் இடத்தில் அந்தச் சொல்லுக்கு உழவு என்று பொருள் கொள்ள முடியாது, உதவி என்றே கொள்ள வேண்டும். தோட்டத்தில் நாம் வெள்ளாமை என்று வாய்மொழியாகச் சொல்வது இதே சொல்லைத்தான். முப்பது ஆண்டுகள் வேளாண்மைத் துறையில் இருந்தேன். துறையின் பெயரில் ஒரு உபகாரமும் உள்ளே இருக்கிறது என்பதை ஓர் இலத்தீன் வகுப்பில் வந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இத்தகைய ஒப்பீட்டில் ஓர் ஆபத்து உண்டு. ஏரின் நுனியில் பூட்டும் கொழு இருக்கிறதே, கொலோ அதிலிருந்து வந்திருக்கலாமே என்று ஒருவர் கிளம்பினார்; கொலுயீ என்ற வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, நவராத்திரிக் கொலுவும் அதுதானே என்றார் இன்னொருவர். வகுப்பில் பாதிப்பேருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆசிரியர் அசையவில்லை: ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது, ஒலிகள் ஒழுங்காக மாறிவந்த தடத்தைப் பல சொற்களில் காட்ட முடிந்தால்தான் உறவு, கொழுவுக்கு அப்படி ஒரு தடமும் இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார். எல்லாமே நம்மிடமிருந்துதான் போயிற்று என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்குவது எளிதான காலத்தில், அவர் அதைச் செய்யாததற்காகவே இந்த வகுப்பை நான் பிறருக்குச் சொல்வேன்.

மூன்றாம் வாரம் தெய்வங்களுக்கு உரியது. மனிதன் தெய்வத்தை வழிபடுவது 'தெயோஸ் கொலெரெ'. இதில் வியப்பில்லை. தெய்வம் எழுவாயாக வந்தாலும் இதே வினைதான் வரும் என்பதுதான் புதிது. ரோமானியக் கவிஞர் வெர்ஜில் தம் ஆயர் பாடல் ஒன்றில் தலைமைத் தெய்வமான யூப்பித்தரைப் பற்றி "இல்லெ கொலித் தெர்ராஸ்" என்கிறார். அவன் நிலங்களைப் பேணுகிறான் என்று பொருள். அவருடைய காப்பியத்தின் தொடக்கத்தில், யூனோ தேவி மற்றெல்லா ஊர்களையும்விட, சாமோஸ் தீவையும்விட, கார்த்தேஜ் நகரைக் 'கொலுயிஸ்ஸெ', அதாவது விரும்பிப் பேணியதாகச் சொல்லப்படுகிறது. குடியிருந்தாள் என்பதா, காத்தாள் என்பதா, விரும்பினாள் என்பதா? ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நமக்கு அந்தச் சங்கடம் குறைவு. கோனியம்மன் கோவையில் குடிகொண்டிருக்கிறாள் என்று நாம் சொல்லும்போது, அவள் அங்கே இருக்கிறாள் என்பதோடு அந்த ஊரைக் காக்கிறாள் என்பதும் சேர்ந்தே வருகிறது. ஆசிரியர் இந்தச் சொல்லைச் சொன்னபோது, அதுவரை குறிப்பேட்டிலிருந்து தலை தூக்காத மருந்தியல் மாணவி ஒருவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

இந்த இருபோக்குப் பொருளைப் பழையவர்களே கவனித்திருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீனார், கடவுளுக்கு மட்டுமே உரிய வழிபாட்டைக் குறிக்க இலத்தீனில் தனியாக ஒரு சொல் இல்லையே என்று குறைப்பட்டு, இந்த வினையை எடுத்து அலசுகிறார். உழவர் அக்ரிகொலா, குடியிருப்பவர் இன்கொலா என்று பெயர் பெறுவது இதனால்தான் என்று காட்டி, தெய்வங்களை 'கய்லிகொலா' என்று புலவர் அழைப்பது அவர்கள் வானத்தை வழிபடுவதால் அன்று, வானத்தில் குடியிருப்பதால் என்கிறார். அராக்கிடிகோலா என்றால் என்ன என்று எனக்கு அந்த நிமிடத்தில் விளங்கியது. அராக்கிஸ் நிலக்கடலை; அதில் குடியிருப்பது அந்தப் பூசணம். வான்வாழ் தேவர்களுக்கு வைத்த பெயரின் அச்சிலேயே டிக்கா நோய்க்கும் பெயர் வார்த்திருக்கிறார்கள்.

வெர்ஜிலின் உழவு நூலின் தொடக்க வரிகளையும் அன்று படித்தோம். கால்நடையை வைத்துக் காப்பதற்கு என்ன 'குல்துஸ்' வேண்டும் என்று அவர் கேட்கும் இடத்தில், பராமரிப்பு என்று மொழிபெயர்ப்பதைவிட 'மாடு பார்ப்பது' என்பதே பொருந்தும் என்று நான் சொன்னேன். பண்ணையம் பார்ப்பது, மாடு பார்ப்பது, அப்பிச்சியை, அதாவது அம்மாவின் அப்பாவை, பார்த்துக்கொள்வது என்று எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'பார்' போதும். காங்கேயம் காளை வைத்திருக்கும் வீட்டில் அந்தப் பார்த்தலுக்குள் எத்தனை வேலை அடங்கும் என்பது தெரிந்தவருக்குத் தெரியும். ஆசிரியர் இதை ஏற்றுக்கொண்டு பலகையில் எழுதினார். எனக்கு அதில் சிறிது பெருமை உண்டு. சிசரோ கி.மு. 45இல் எழுதிய "குல்தூரா அனிமீ" என்ற தொடரும் இந்த வயலிலிருந்து எடுத்ததுதான்: நல்ல நிலமானாலும் உழாவிட்டால் விளையாது, மனமும் அப்படியே, மனத்தை உழுவது மெய்யியல் என்றார் அவர். லாலி ரோட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயர்ப்பலகையைப் பேருந்திலிருந்து பார்க்கும்போது, அதில் ஒளிந்திருக்கும் 'குல்தூரா' இப்போது கண்ணில் படாமல் இருப்பதில்லை. அழகுபடுத்துதல், உடுத்துதல் என்ற பொருள்களும், எக்ஸ்கொலெரெ முதலான கூட்டு வினைகளும் அவசரத்தில் ஓடிப்போயின. அவற்றில் பெரிதாக இழந்ததாகத் தோன்றவில்லை.

நான்காம் வாரம் கனமானது. கொலோனுஸ் என்றால் முதலில் உழவர், குடியேறி உழுபவர். அவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய ஊர் கொலோனியா. போரில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற வீரர்களுக்கு நிலம் கொடுத்து இப்படிப் பல ஊர்களை ரோம் உண்டாக்கியது. ரைன் ஆற்றங்கரையில் கி.பி. 50இல் அந்தத் தகுதி பெற்ற ஊர் ஜெர்மனியின் இன்றைய கொலோன். காய்ச்சலுக்கு நெற்றியில் நனைத்துப் போடும் ஓடிகொலோன் அந்த ஊர்த் தண்ணீர்தான். பேரரசின் பிற்காலத்தில் அதே கொலோனுஸ் நிலத்தோடு கட்டுண்ட குத்தகைக் குடியானான். தப்பியோட நினைக்கும் கொலோனுஸைச் சங்கிலியால் பிணைக்கலாம் என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் 332இல் சட்டம் போட்டார். உரிமையோடு நிலம் பெற்றவனின் பெயர், ஓடினால் பிணைக்கப்படுபவனின் பெயராயிற்று.

இந்த இடத்தில் ஆசிரியர் பலகையில் 'காலனி' என்று தமிழில் எழுதிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றார். கோவையில் வீட்டுமனை விற்பவர் தம் மனைப்பிரிவுக்குப் பெருமையாக வைக்கும் பெயர் அது. ஊர்ப்புறத்திலோ, ஊர் வேறு, காலனி வேறு என்று தாழ்த்தப்பட்ட மக்களை ஒதுக்கிவைத்த குடியிருப்புக்கு அதே பெயர். எங்கள் துறையின் பயனாளிகள் பட்டியலில் முகவரியாகவே அந்தச் சொல்லை நானும் நிரப்பியிருக்கிறேன். யார் எங்கே இருக்கிறார் என்பதை அந்த ஒரு சொல் சாதியோடு சேர்த்துச் சொல்லிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வகுப்பில் இதைப் பற்றிச் சிறு வாக்குவாதம் எழுந்தது. சொல்லை மாற்றினால் போதுமா என்று ஒருவர் கேட்க, தன் பள்ளிச் சான்றிதழில் அந்த முகவரியோடு வளர்ந்ததாகச் சொன்ன இன்னொருவர், போதுமா என்று கேட்பதற்கு முன் அதை முதலில் எடுக்கட்டும் என்றார். ஆசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. அன்று வகுப்பு ஆறேகால் வரை நீண்டது.

இனிக் குறைகள். கைத்தாள்கள் நகலுக்கு நகல் எடுத்த மங்கல் தாள்கள், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் குறில் நெடில் பற்றி முதல் நாள் அத்தனை வலியுறுத்தியவர் கொடுத்த தாள்களில் நெடில் குறி ஓரிடத்திலும் இல்லை. வீட்டில் தனியாகப் படிப்பவர் கொலோவையும் கோலோவையும் குழப்பிக்கொள்ளாமல் என்ன செய்வார்? வடிவப் பயிற்சியும் போதவில்லை. செயப்பாட்டு வடிவமான 'கொலித்தூர்' என்பதை நாங்களாகக் கேட்ட பிறகே எழுதிக் காட்டினார். அக்ரிகொலா பார்வைக்குப் பெண்பால் போல முடிந்தாலும் ஆண்பால் பெயர் என்பது போன்ற அடிப்படைகளைப் போகிற போக்கில் சொல்கிறார். புதியவர் எழுதிக்கொள்வதற்குள் அடுத்த செய்தி வந்துவிடுகிறது. இந்த வேகத்தில் ஓராண்டில் பன்னிரண்டு வினைதான் ஆகும். சீசர் எழுதியவற்றை நேராகப் படிக்க வேண்டும் என்ற ஆசையோடு வருபவர் ஏமாந்துபோவார். தேர்வுக்குப் படிப்பவரும், சான்றிதழ் வேண்டுபவரும் வேறிடம் பார்ப்பது நல்லது. மின்தூக்கி இல்லாத இரண்டு மாடியும், சனிக்கிழமை மாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காத அந்தத் தெருவும் என் வயதுக்காரர்களைச் சோதிக்கும்.

தமிழை ஊன்றிப் படித்தவர்கள், சட்டம், மருத்துவம், தாவரவியல் ஆகியவற்றில் இலத்தீன் சொற்களோடு நாள்தோறும் பழகியும் அவற்றின் உள்ளே பார்க்காதவர்கள், சேர்ந்து பார்க்கலாம். ஒரு மாதம் மட்டும் கட்டிச் சேர அனுமதிக்கிறார். இடையில் ஒரு வகுப்புத் தவறினால் அடுத்த வாரம் அரை மணி முன்னதாக வரச்சொல்லித் தனியாகச் சொல்லித் தருகிறார்.

அடுத்த மாதத்து வினை 'அகோ, அகெரெ'. அதன் முதற்பொருளே மாடு ஓட்டுவதுதானாம். பணம் கட்டிவிட்டேன். கைத்தாளில் இம்முறை நெடில் குறி இடுவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். எதற்கும் ஒரு சிவப்புப் பேனா எடுத்துப் போகிறேன்.